எண்ணப்படும் ஆண்டுகள்: ரொறன்ரோத் தமிழரின் ஓய்வுக்காலமும் கனடாவின் முதுமைச் சட்டங்களும், 1927–2025

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இரண்டு ஈழத்தமிழ் முதியவர்கள் பென்சன் பற்றிப் பேசத் தொடங்கினால், முதலில் வரும் கேள்வி, 'நீங்கள் எந்த ஆண்டு வந்தனீங்கள்?' என்பதே. என்ன வேலை பார்த்தார், எவ்வளவு உழைத்தார் என்பதெல்லாம் பிறகுதான். கேள்வியின் இந்த ஒழுங்குக்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. கனடா தன் முதியவர்களுக்குத் தரும் அடிப்படை ஓய்வூதியம் சம்பளத்தை அளப்பதில்லை. நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளை அளக்கிறது. நடுவயதில் போருக்குத் தப்பி வந்த ஒரு சமூகத்தின் ஓய்வுக்காலத்தை அந்த ஒற்றை அளவுகோல் எப்படி வடிவமைத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழ் முதியவர்களின் பணக்கஷ்டத்துக்கு அவர்களின் சிக்கனக் குறைவையோ அறியாமையையோ காரணம் சொல்வது வழக்கமாகிவிட்டது. சட்டங்களை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

தொடக்கம் 1927. அந்த ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டம் எழுபது வயதைத் தாண்டிய ஏழைகளுக்கு மாதம் அதிகபட்சம் 20 டாலர் தந்தது. பெறுபவர் பிரித்தானியப் பிரஜையாக இருக்க வேண்டும். கனடாவில் இருபது ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். வறுமையை அதிகாரிகளிடம் நிரூபிக்க வேண்டும். பழங்குடி மக்கள் இதற்குள் சேர்க்கப்படவில்லை. யாழ்ப்பாணத்தானும் அன்று பிரித்தானியப் பிரஜைதான். ஆனால் குடிவரவுச் சட்டம் அவனைக் கனடாவுக்குள் விடவில்லை. 1951இல் கதவு சற்றுத் திறந்தபோது ஆண்டுக்கு இந்தியாவுக்கு 150 பேர், பாகிஸ்தானுக்கு 100 பேர், இலங்கைக்கு 50 பேர் என்று ஒதுக்கீடு வந்தது. இலங்கை முழுவதற்கும் ஐம்பது.

1952 தை மாதம் நடைமுறைக்கு வந்த முதியோர் பாதுகாப்புச் சட்டம் வறுமைச் சோதனையை நீக்கியது. எழுபது வயது நிரம்பிய எல்லோருக்கும் மாதம் 40 டாலர். வாழ்ந்த ஆண்டுகளின் நிபந்தனை மட்டும் தொடர்ந்தது. 1966இல் உழைப்பவரும் முதலாளியும் பங்களிக்கும் கனடா ஓய்வூதியத் திட்டம் வந்தது. பேச்சுவழக்கில் இது சி.பி.பி. மறு ஆண்டு, வேறு வருமானம் குறைந்த முதியவர்களுக்காக உத்தரவாத வருமான நிரப்புத்தொகை, அதாவது ஜி.ஐ.எஸ்., சேர்க்கப்பட்டது. 1970க்குள் தகுதி வயது 65 ஆக இறங்கியது.

தமிழரைப் பொறுத்தவரை திருப்புமுனை 1977 ஆடி. பதினெட்டு வயதுக்குப் பிறகு கனடாவில் வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் முழு ஓய்வூதியத்தில் நாற்பதில் ஒரு பங்கு என்ற கணக்கு அப்போது வந்தது. நாற்பது ஆண்டு வாழ்ந்தவருக்கு முழுத்தொகை. பத்து ஆண்டு நிறையாதவருக்கு எதுவும் இல்லை. குடியேறிகளின் நாடாகிவிட்ட கனடாவில் பிந்தி வந்தவருக்கும் ஒரு பங்காவது கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. அதே விதி, ஆறு ஆண்டுகள் கழித்து வரப்போகும் மக்கள் கூட்டம் ஒன்றின் முதுமையையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டது.

1983 ஆடிக் கலவரத்தின் பின் கனடா இலங்கையருக்குச் சிறப்புக் குடிவரவு ஏற்பாடுகளை அறிவித்தது. 1986 ஆவணியில் 155 தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் மீட்கப்பட்டார்கள். அதற்கு முன் 1960களிலும் 70களிலும் புள்ளி முறையில் வந்த மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர் தொகை சிறிது. முப்பது வயதில் வந்து அறுபத்தைந்தில் ஓய்வுபெற்ற அவர்களுக்கு முழு முதியோர் ஓய்வூதியமோ அதில் பெரும்பங்கோ கிடைத்தது; வேலையிடத்து ஓய்வூதியமும் சி.பி.பி.யும் அதனோடு சேர்ந்து வந்தன. 1983க்குப் பிறகு வந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் உணவகங்களின் பின்கட்டிலும் தொழிற்சாலைகளிலும் இரவு நேரத் துப்புரவு வேலைகளிலும் தொடங்கினார்கள். கையில் காசாகக் கூலி வாங்கிய மாதங்களுக்கு சி.பி.பி. கணக்கில் எதுவும் ஏறுவதில்லை. இரண்டாம் அலையாக, பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து அழைத்த பெற்றோர் வந்தார்கள். அவர்களில் பலர் ஐம்பதையும் அறுபதையும் தாண்டியவர்கள்.

இங்கே கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவசியம். 2025 தொடக்கத்தில் 65 வயதுக்காரரின் முழு முதியோர் ஓய்வூதியம் மாதம் ஏறத்தாழ 727 டாலர். ஐம்பத்தைந்தில் வந்தவருக்கு அதில் நாலில் ஒரு பங்கு, சுமார் 182 டாலர். ஆனால் அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் நிரப்புத்தொகை அந்தக் குறையையும் சேர்த்து நிரப்பிவிடும். ஆகவே, வேறு வருமானமே இல்லாத இருவரில் பத்து ஆண்டு வாழ்ந்தவரும் நாற்பது ஆண்டு வாழ்ந்தவரும் ஏறக்குறைய ஒரே தொகையைப் பெறுகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது பெருந்தன்மை. உள்ளே போய்ப் பார்த்தால், பத்து ஆண்டு வாழ்ந்தவரின் வருமானத்தில் பெரும்பகுதி நிரப்புத்தொகையாக இருக்கிறது. நிரப்புத்தொகையோ அவரது வேறு வருமானம் கூடக் கூடக் குறைந்துகொண்டு போகும். வாழ்ந்த ஆண்டுகளால் வரும் பங்கு உரிமை போன்றது. நிரப்புத்தொகை ஆண்டுதோறும் வருமானம் பார்த்துத் தருவது. தமிழ் முதியவர் இரண்டாவதையே பெரிதும் சார்ந்து நிற்கிறார். அவரது சேமிப்பு, வரி, பயணம் எல்லாவற்றையும் பின்னர் ஆட்டிவைப்பது இந்தச் சார்பே.

அறுபத்திரண்டில் வந்தவரின் நிலை இதைவிடக் கடினம். எழுபத்திரண்டு வயதுவரை அவர் பெயருக்கு ஒரு சதமும் வராது. அந்தப் பத்து ஆண்டுச் சுமையை மகனோ மகளோ தாங்க வேண்டும் என்பதே ஸ்பொன்சர் ஒப்பந்தத்தின் பொருள். 2014இல் அந்தப் பொறுப்புக் காலம் பத்திலிருந்து இருபது ஆண்டாக நீண்டது; பெற்றோர் சமூக உதவிப் பணம் பெற்றால் பிள்ளைதான் திருப்பிக் கட்ட வேண்டும். ரொறன்ரோவில் தாய் தகப்பனுக்கென்று கீழ்த்தள அறையை ஒதுக்கிய வீடுகளுக்குப் பின்னால் பாசம் எவ்வளவு உண்டோ, அவ்வளவு சட்டமும் உண்டு.

சேமிப்பின் கதைதான் இந்த வரலாற்றில் மிகவும் வேதனையான பகுதி. 1957இல் வந்த ஆர்.ஆர்.எஸ்.பி. ஓய்வுச் சேமிப்புத் திட்டத்தில் போடும் பணத்துக்கு அந்த ஆண்டு வரி இல்லை, எடுக்கும்போது வரி. உழைக்கும் வயதில் அதிக வரி கட்டி, ஓய்வில் குறைந்த வரி கட்டப்போகும் ஒருவருக்கு இது நல்ல ஏற்பாடு. 1990களில் தமிழ்க் குடும்பங்கள் நிரந்தர வேலைகளில் கால் ஊன்றியபோது மாசி மாதம்தோறும் வங்கிகளும் முகவர்களும் இதையே விற்றார்கள். வரி மீளக் கிடைக்கும் என்ற ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. யாரும் மறுபக்கத்தைச் சொல்லவில்லை. ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு டாலரும் வருமானமாகக் கணக்கிடப்படும். அதற்காக நிரப்புத்தொகை ஏறத்தாழ ஐம்பது சதம் குறையும். எழுபத்தொரு வயது முடியும் ஆண்டில் அந்தக் கணக்கை மூடியோ, ஓய்வு வருமான நிதியாக மாற்றியோ ஆக வேண்டும். மாற்றினால் அதன்பின் ஆண்டுதோறும் குறைந்தபட்சம் ஒரு தொகையை எடுத்தே தீர வேண்டும். இருபது ஆண்டு மிச்சம்பிடித்த பெண்ணொருத்தி, அதில் பாதியை நிரப்புத்தொகைக் குறைப்பாக அரசுக்கே திருப்பிக் கொடுத்தாள் என்றால் அது அவளுடைய தவறல்ல. வரியில் சில நூறு டாலர் மட்டுமே மிச்சமான குறைந்த சம்பளக்காரிக்கு அந்தத் திட்டத்தை விற்றதுதான் தவறு.

கனடிய ஆய்வாளர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. ரொறன்ரோவின் சி.டி. ஹவ் நிறுவனத்துக்காக ஜோனதன் கெசல்மனும் ஃபின் பொஷ்மானும் 2001இல் புதிய வகை வரியில்லாச் சேமிப்பை முன்மொழிந்தார்கள். 2003இல் அதே நிறுவனம் வெளியிட்ட ரிச்சர்ட் ஷில்லிங்டனின் ஆய்வு, குறைந்த வருமான முதியவருக்கு ஆர்.ஆர்.எஸ்.பி. ஒரு வறுமைப் பொறி என்று வெளிப்படையாகவே வாதிட்டது. 2008 வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஜிம் ஃபிளாஹர்ட்டி வரியில்லாச் சேமிப்புக் கணக்கை அறிவித்தார். அது 2009இல் தொடங்கியது. முதல் ஆண்டு வரம்பு 5,000 டாலர், 2025இல் 7,000. இதிலிருந்து எடுக்கும் பணம் நிரப்புத்தொகையைத் தொடாது. நம் முதல் தலைமுறைக்குப் பொருந்திய சேமிப்புக் கருவி, அவர்களில் பலர் அறுபதை நெருங்கிய பிறகே கைக்கு வந்தது. ஆர்.ஆர்.எஸ்.பி. வைத்திருந்தவர்கள் அதை 65 வயதுக்கு முன்பே சிறிது சிறிதாக எடுத்து இந்தக் கணக்குக்கு மாற்றியிருக்கலாம். அந்த அறிவுரை கிடைத்தவர்கள் சிலரே.

இந்த இடைவெளியில் சமூகம் தனக்குத் தெரிந்த வழியில் சேமித்தது. சீட்டு ஊரிலிருந்து கூடவே வந்தது. வங்கி கடன் தர மறுத்த ஆண்டுகளில் வீட்டுக்கு முற்பணமும் தங்கைக்குச் சீதனமும் அடுத்தவரை அழைக்கும் செலவும் சீட்டில் எடுத்த காசில்தான் நடந்தன. சீட்டு நடத்தியவர் ஓடிப்போனால் கேட்க ஆளில்லை என்பதும் உண்மை. எழுத்தில்லாத நம்பிக்கையின் விலை அது. சீட்டுப் பணம் போய்ச் சேர்ந்த இடம் பெரும்பாலும் வீடு. கனடாவில் மூலதன ஆதாய வரி 1972இல் வந்தபோதே, ஒருவர் வாழும் வீட்டுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ரொறன்ரோ வீட்டு விலைகள் ஏறிய விதத்தில், தமிழ்க் குடும்பங்களின் உண்மையான ஓய்வூதிய நிதி அந்த வரி விலக்குப் பெற்ற சுவர்களுக்குள் சேர்ந்தது. எனினும் வீட்டின் மதிப்பைக் கொண்டு மருந்துக் கடைக்குப் போக முடியாது. விற்க வேண்டும், அல்லது அதன்மேல் கடன் எடுக்க வேண்டும். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது முதியவரின் பங்கைப் பிரித்தெடுப்பது குடும்பத்தையே பிரிப்பதாகிவிடுகிறது.

காப்புறுதிக்கு வருவோம். 2011 கார்த்திகையில் பெற்றோருக்கான புதிய ஸ்பொன்சர் விண்ணப்பங்களை அரசு தற்காலிகமாக நிறுத்தியது. மறுமாதமே சூப்பர் விசாவை அறிமுகம் செய்தது. பெற்றோர் வந்து தங்கலாம், ஆனால் வருகையாளராகவே. ஒன்ராறியோவின் மருத்துவக் காப்பு அவர்களுக்கு இல்லை. குறைந்தது ஓராண்டுக்கு, 100,000 டாலர் மருத்துவக் காப்புறுதியைப் பிள்ளைகள் முன்கூட்டியே வாங்கியாக வேண்டும். முன்பு கனடிய நிறுவனங்களிடம்தான் வாங்க வேண்டியிருந்தது. 2025 தை முதல் தகுதிபெற்ற வெளிநாட்டு நிறுவனங்களிடமும் வாங்கலாம். ஒருமுறை வந்தால் தங்கக்கூடிய காலம் 2022இல் ஐந்து ஆண்டுகளாக நீண்டது. ஐந்து ஆண்டு தங்கினாலும் வருகையாளர் வருகையாளர்தான். முதியோர் ஓய்வூதியத்தை நோக்கிய நடை தொடங்குவதேயில்லை. அரசு ஏற்க வேண்டிய முதுமை மருத்துவச் செலவு இவ்வாறு குடும்பத்துக்கும் தனியார் சந்தைக்கும் கைமாறியது.

அந்தக் காப்புறுதியின் நுணுக்கம் ஒரு வரியில் ஒளிந்திருக்கிறது. முன்பே இருந்த நோய், பயணத்துக்கு முந்திய குறிப்பிட்ட காலம் மாறாமல் இருந்திருக்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் கேட்கின்றன. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம் முதியவர்களிடம் சாதாரணம். கொழும்பில் புறப்படுவதற்கு முன் வைத்தியர் நல்லெண்ணத்தோடு ஒரு குளிசையின் அளவைக் கூட்டினால்கூட, நோய் 'மாறியது' என்று நிறுவனம் வாதிட இடம் உண்டு. விண்ணப்பத்தைப் பிள்ளை நிரப்புகிறார்; மருந்துச் சீட்டுத் தாயின் கைப்பையில் இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே மேசைக்கு வராததால் நேரும் இழப்பு பெரிது.

வரியில் நம் முதியவர்களை இன்னும் குழப்புவது ஊரில் இருக்கும் சொத்து. கனடாவில் வசிப்பவர் உலகெங்கும் வரும் வருமானத்தைக் காட்ட வேண்டும். 1990களின் பிற்பகுதியில் வந்த டி1135 படிவம், அடக்க விலை 100,000 டாலரைத் தாண்டும் வெளிநாட்டுச் சொத்தை ஆண்டுதோறும் அறிவிக்கச் சொல்கிறது. தவறினால் நாளொன்றுக்கு 25 டாலராக 2,500 வரை தண்டம். சொந்தப் பாவனைக்கான வீடு இதில் சேராது. அதிகம் அறியப்படாத ஒரு சலுகையும் உண்டு: குடியேறியவரின் சொத்துக்கு, அவர் கனடாவில் வசிக்கத் தொடங்கிய நாளின் சந்தை மதிப்பே அடக்க விலை. 1988இல் வந்தவர் தன் யாழ்ப்பாணக் காணியை இன்று விற்றால், 1988க்குப் பிந்திய ஏற்றத்துக்குத்தான் வரி. ஆனால் போர்க்காலத்தில் கைவிட்டுவந்த காணிக்கு அன்று என்ன மதிப்பு என்று காட்டும் ஆவணம் யாரிடம் இருக்கும்? விற்ற ஆண்டின் ஆதாயம் அடுத்த ஆடி மாதம் நிரப்புத்தொகையைக் குறைக்கும்போதுதான் பலர் விடயத்தை அறிகிறார்கள். இலங்கை அரசின் பென்சனும் அவ்வாறே வருமானக் கணக்கில் சேரும். 2022இல் ரூபாய் சரிந்தபோது அந்தப் பென்சனின் டாலர் மதிப்புப் பெரிதும் தேய்ந்துபோனது.

2009இல் போர் முடிந்தபின் ஊருக்குப் போய்வருவது எளிதாயிற்று. மாரியில் பனிக்குத் தப்பி யாழ்ப்பாணம் போகும் முதியவரின் பயண நாட்களைச் சட்டம் எண்ணுகிறது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நிரப்புத்தொகை நிற்கும். பதினெட்டு வயதுக்குப் பின் இருபது ஆண்டு கனடாவில் வாழ்ந்தவருக்கு முதியோர் ஓய்வூதியம் எங்கிருந்தாலும் வரும். வாழாதவருக்கு அதுவும் ஆறு மாதத்தில் நிற்கும். சி.பி.பி. மட்டும் நிபந்தனையின்றிக் கூடவே செல்லும். ஒன்ராறியோ மருத்துவ அட்டை செல்லுபடியாக, எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாள் மாகாணத்துக்குள் இருக்க வேண்டும். நிரந்தரமாகத் திரும்பி ஊரில் கண்மூட விரும்பும் ஒருவருக்கு நாற்பதில் பன்னிரண்டு பங்கு இருந்தாலும் கையில் மிஞ்சுவது சிறு சி.பி.பி. மட்டுமே. ஆகவே பலர் விருப்பத்தால் அல்ல, நாட்கணக்கால் ரொறன்ரோவுக்குத் திரும்புகிறார்கள்.

இதற்கு ஒரு மாற்று இருக்கிறது என்பதை இந்தியாவின் உதாரணம் காட்டுகிறது. கனடாவும் இந்தியாவும் 2012இல் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை 2015 ஆவணி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்திய ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் பங்களித்த காலத்தைக் கனடாவின் தகுதி ஆண்டுகளை எட்டுவதற்குச் சேர்த்துக்கொள்ள அது வழிசெய்கிறது. சென்னையில் பங்களித்து வேலைபார்த்து ஸ்காபரோவுக்கு வந்தவருக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு, பக்கத்து வீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்தவருக்கு இல்லை. கனடாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1982இல் கையெழுத்தான இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கை இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை இல்லை. இலங்கையில் 1958 முதல் ஊழியர் சேமலாப நிதி இயங்குகிறது. அரசு ஊழியருக்கு ஓய்வூதியத் திணைக்களத்தில் சேவைப் பதிவு இருக்கிறது. எண்ணத்தக்க ஆண்டுகள் ஏற்கெனவே எழுத்தில் உள்ளன. சேமலாப நிதி மொத்தமாகக் கொடுத்து முடிக்கும் நிதி என்பதால் பேச்சுவார்த்தை எளிதாக இராது. எனினும் கனடாவின் பாராளுமன்றத்தில் தமிழ் உறுப்பினர் அமர்ந்திருக்கும் காலம் இது. தேர்தலுக்குத் தேர்தல் நம் வாசலுக்கு வரும் வேட்பாளர்களிடம் நாம் கேட்கும் கோரிக்கைகளில் இந்த உடன்படிக்கை இன்னும் இடம்பெறவில்லை. 25 ஆண்டு கிளிநொச்சியில் படிப்பித்துவிட்டு 62 வயதில் வந்திறங்கிய ஓர் ஆசிரியைக்கு அது பத்து ஆண்டுக் காத்திருப்பைக் குறைத்திருக்கக்கூடும்.