மஞ்சள் மந்திரமும் மதராஸ் மேடமும்

கத்திரி வெயிலில் கேட்க ‘ஜில்லுனு ஏதாவது குடுங்க’ என்றேன். நண்பர் தந்தது ‘யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற ஜப்பானிய மின்னணு பாப் குழுவின் முதல் தொகுப்பு. மத்தியானம், மின்விசிறி சூட்டையே இறைத்துக்கொண்டிருந்தது. சின்தசைசரின் சில்லிப்பு நிஜமாகவே உடம்பில் பட்டது. மூன்றாம் தடவை கேட்கும்போதுதான் உறுத்தல்: ‘ஃபயர்கிராக்கர்’ என்கிற இந்தச் ‘சீனத்தனமான’ மெட்டு யாருடையது?

ஜப்பானியருடையது அல்ல. 1959இல் அதை வெளியிட்ட மார்ட்டின் டென்னி ஓர் அமெரிக்கர். ஹவாயில் ஹோட்டல் மதுக்கூடத்தில் வாசித்தவர். குளத்துத் தவளைகள் கத்த, வாத்தியக்காரர்கள் பறவைக் குரல் கொடுக்க, சுற்றுலா வந்த வெள்ளையருக்கு அங்கே ஒரு ‘கிழக்கு’ பரிமாறப்பட்டது. எக்ஸாட்டிகா என்று பெயர். அந்தக் கிழக்கில் குடியிருந்தவர் யாருமில்லை.

1978இல் ஹருவோமி ஹொசோனோ இதைக் கையிலெடுக்கிறார். ரியுயிச்சி சகாமோட்டோ, யுகிஹிரோ தகஹாஷி இருவரையும் சேர்த்துக்கொண்டு, மெட்டை மின்னணு டிஸ்கோவாக்கி உலகம் முழுக்க 40 லட்சம் பிரதி விற்பதுன்னு திட்டம். எட்வர்ட் சைதின் ‘ஓரியண்டலிசம்’ வந்ததும் அதே ஆண்டுதான். ஒன்றைப் பார்த்து மற்றது வந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் சைத் முந்நூற்றுச் சொச்சம் பக்கங்களில் அவிழ்த்துக் காட்டிய முகமூடியை இவங்க ஐந்து நிமிஷத்தில் தாங்களே மாட்டிக்கிட்டு ஆடிக் காட்டினாங்க, இயந்திர முகத்தோடு.

அந்த இயந்திரம் ரோலண்ட் எம்சி-8, 1977இல் வந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் அதன் உயரம், அடுத்த சுரம் வரையிலான இடைவெளி, ஒலித்து நிற்கும் நேரம் எல்லாவற்றையும் எண்களாகத் தட்ட வேண்டும். தட்டியவர் ஹிடெகி மட்சுடாகே. நான்காவது உறுப்பினர் என்பார்கள்; குழு என்றால் கணக்கில் மூவர்தான். (கம்ப்யூட்டர் இசையில் உழைப்பே இல்லைன்னு சொல்ற நம்ம ஆட்கள் கவனிக்க.)

1979இல் அமெரிக்கப் பதிப்பு வருகிறது. அட்டையில் கறுப்புக் கண்ணாடி போட்ட கெய்ஷா, தலையிலிருந்து வண்ண வண்ண ஒயர்கள். பகடியைச் சந்தை அப்படியே விழுங்கிவிட்டது என்பது என் வாசிப்பு. 1980இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் பாட்டு 17ஆம் இடத்துக்குப் போனது. ஆடியவர்கள் காதில் பகடி விழுந்ததா, கெய்ஷா மட்டும்தானா?

சங்கதி இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு வசதி. ஹொசோனோவைத் தேடிப் போனதில் ‘கொச்சின் மூன்’ அகப்பட்டது. அதுவும் 1978தான், குழுவின் தொகுப்புக்குச் சில வாரம் முந்தியது. ஓவியர் டடனோரி யோக்கூவோடு இந்தியா வந்துபோன பிறகு, எடுக்கப்படாத ஓர் இந்தியப் படத்துக்கான இசை போலச் செய்தது. தலைப்புகளைப் பாருங்கள்: மலபார் ஹோட்டலின் பெயரில் மூன்று, ‘ஹெபடைடிஸ்’ என்று ஒன்று (மஞ்சள் மந்திரத்துக்கு முந்தி மஞ்சள் காமாலை!), கடைசியில் ‘மேடம் கான்சல் ஜெனரல் ஆஃப் மெட்ராஸ்’. என் ஊர் அதில் ஒரு தூதரக மேடத்தின் விலாசமாக மட்டும் வருகிறது. எனக்குக் கேட்பது பூச்சி இரைச்சல், காய்ச்சல், வயிற்றுக் கலக்கம்.

டென்னி ஹவாயில் செய்ததைத்தானே இவர் நம்மிடம் செய்திருக்கிறார்? ‘மேற்கு × கிழக்கு’ என்ற எதிர்வில் ஜப்பான் எந்தப் பக்கம்? 1945 வரை பசிபிக் தீவுகளை ஆண்ட பேரரசு அது. முகமூடி போட்டுக்கொண்டவர் கையில் வேறொருவருக்கான முகமூடியும் இருந்திருக்கிறது.

சகாமோட்டோவும் தகஹாஷியும் 2023இல் இறந்துபோனார்கள். ‘ஃபயர்கிராக்க’ரைவிட இப்போது அந்த மதராஸ் மேடத்தைத்தான் அதிகம் கேட்கிறேன். கொஞ்சம் எரிச்சலோடதான். நல்லாத்தான் இருக்கு, அதுதான் பிரச்சினை.