அலகிலே இருப்பது யாருடைய பெயர்?

பழைய இத்தாலிய வில்லுக்கத்திகள் சிலதை விரிச்சுப் பார்த்தால், அலகின் அடியில் 'ரொஸ்ட்பிறை' என்று பொறிச்சிருக்கும். செய்தவரின் பெயராக்கும் என்று நினைப்பம். இல்லை, 'கறள் பிடிக்காதது' என்பதற்கான ஜேர்மன் சொல் அது. 'இனொக்ஸ்' என்பதும் அதே கருத்துத்தான். சரி, 'இற்றலி'? இத்தாலியர் தங்கட நாட்டை 'இத்தாலியா' என்றெல்லோ எழுதுவினம்! 1890 இன் மக்கின்லி வரிச்சட்டம், அமெரிக்காவுக்கு வரும் பொருட்களில் செய்த நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறிக்கச் சொன்னது. எல்லாம் வாங்கிறவனுக்காக வெட்டின எழுத்து. அடிச்ச கொல்லனின் பெயர் பல அலகுகளில் இல்லவே இல்லை.

இவற்றில் பெரும்பங்கு வடகிழக்கு இத்தாலியின் மானியாகோவில் செய்தவை. 15 ஆம் நூற்றாண்டில் வாய்க்கால் வெட்டி, தண்ணி விசையில் சம்மட்டி ஓட்டின ஊர். உலகப்போர் முடிஞ்சு திரும்பின அமெரிக்கச் சிப்பாய்கள் பொத்தான் அமத்தி விரிக்கும் கத்திகளைக் கொண்டுபோக, அங்கே மவுசு கூடிச்சு. 1958 இல் அமெரிக்கா அவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தது.

'ஸ்ரிலெற்றோ மிலானோ' என்று பெரிசாப் பொறிச்சிருந்தால் கவனம், அநேகமாக அது மலிவான ஆசியப் பிரதி. எழுத்தை விட்டிட்டுப் பூட்டைப் பாருங்கோ. பிடியின் முதுகுப்பக்க வில்லை நகத்தால் தூக்கித்தான் மடக்கவேணும் என்றால், அது பெரும்பாலும் பழசு. பிந்தினவற்றில் உலோகக் கழுத்தைச் சரிச்சாலே அலகு மடங்கும்.