சாவி முன்பகிர்வு
கோபுரமோ மைய நிலையமோ இன்றித் தமக்குள்ளேயே இணையும் கம்பியில்லா உணரி வலையமைப்புகளில், உணரிகளைக் களத்தில் பரப்பும் முன்பே அவற்றில் மறையாக்கச் சாவிகளைப் பதித்துவைக்கும் பாதுகாப்பு முறை. பொதுவான ஒரே சாவி உள்ள இரு உணரிகள் நேரடியாகத் தொடர்புகொள்ளும்; இல்லாதவை இடையிலுள்ள உணரிகள் வழியே தொடர்புகொள்ளும். ஆய்வாளர்கள் எஷெனவர், கிளிகோர் இருவரும் 2002இல் முன்வைத்த முறையில் சாவிகள் குலுக்கல் முறையில் பகிரப்பட்டன. பின்னர், பொருள்களை விதிப்படி தொகுதிகளாக அமைக்கும் கணிதத்தின் சேர்மான வடிவமைப்புகளும் இதற்குப் பயன்பட்டன. கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் திபியேந்து சக்ரவர்த்தி, சுபமய் மைத்ரா, பிமல் ராய் ஆகியோர் 2005இல், அத்தகைய வடிவமைப்பின் சாவித் தொகுதிகள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் ஒன்றிணைத்து ஓர் உணரிக்கு வழங்கும் முறையை வெளியிட்டனர். இதனால் உணரிகளிடையே பொதுவான சாவிகள் பெருகுகின்றன. சில உணரிகள் எதிரியிடம் சிக்கினாலும் மற்றவற்றின் தொடர்பு எளிதில் அறுபடாது. ஆனால் ஒவ்வோர் உணரியின் நினைவகத்திலும் கூடுதல் சாவிகளுக்கு இடம் வேண்டும்.