ஓமும் ஓசையும்

கிளிநொச்சி வயல்வெளியில் திருவிழாக் காலம் வந்துவிட்டது என்பதைக் கண்ணுக்கு முன்னே காது அறிந்துகொள்ளும். இரணைமடுக் கனகாம்பிகை அம்மன் கோவிலாயினும், புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோவிலாயினும், உயர்ந்த மரத்திற் கட்டிய ஒலிபெருக்கிக் குழலே முதல் அழைப்பை விடுக்கும். 1930களிற் குடியேற்றத் திட்டமாக வளரத் தொடங்கிய இப்பகுதியில் வீடுகள் நெருங்கி நில்லாமல், தத்தம் காணிகளில் ஒன்றுக்கொன்று எட்டியே அமைந்தன. ஆகவே குழலின் குரல் இங்கு வெறும் கேளிக்கை அன்று. பொங்கலுக்கு நேரம் குறிப்பதும், காணாமற்போன பிள்ளையைத் தேடுவதும், குளத்தின் வான்கதவு திறக்கப்படுவதை அறிவிப்பதும் அதுவே. அக்குரல் கடைசி வயல்வரை எட்டுமா, எட்டாதா என்பதை முடிவு செய்தது, விரியலாக்கிப் பெட்டியின் பின்புறத்திற் பொறித்திருந்த சில எண்களாகும். 4, 8, 16 என்ற அந்த எண்களின் வரலாறு சுவையானது.

அவை ஓம் என்னும் அலகிற் குறிக்கப்பட்டவை. மாறுகின்ற மின்னோட்டத்திற்கு ஒரு கருவி காட்டும் எதிர்ப்பைத் ‘தடங்கல்’ என்பர். அதற்குரிய ஆங்கிலச் சொல்லை 1886இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஒலிவர் ஹெவிசைட் என்ற ஆங்கிலேயர். தந்தியும் தொலைபேசியுமே அன்று அவருடைய கவலை. நெடுந்தொலைவு செல்லும் கம்பியில் பேச்சு தேய்ந்து போகாமலிருக்க, அனுப்புவதும் பெறுவதும் ஒன்றுக்கொன்று இசைவாயிருத்தல் வேண்டும் என்ற பாடத்தைத் தொலைபேசிப் பொறியியலாளரே முதலிற் கற்றனர்.

1906இல் லீ டி பொரஸ்ற் அமைத்த மூவாய் வால்வு, மெல்லிய குரலை வலிய குரலாக்க வழிதிறந்தது. 1919ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்க அதிபர் வில்சன் சன் டியாகோ நகர விளையாட்டரங்கில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் முன்னிலையில் வால்வுகளின் துணையோடு பேசினார். இன்று நாம் அறிந்த கூம்பு ஒலிபெருக்கியின் வடிவம் 1925இல் றைஸ், கெலொக் என்னும் இருவரால் அமைந்தது. அதே ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பில் வானொலி ஒலிபரப்பும் தொடங்கிற்று.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. வால்வு உயர்ந்த வோல்ற்றளவில் இயங்குவது. அதனூடே செல்லும் ஓட்டமோ மிகச் சிறிது. ஒலிபெருக்கியின் சுருள் இதற்கு நேர்மாறானது. சிறிய வோல்ற்றளவும் பெரிய ஓட்டமுமே அதற்கு வேண்டும். 1936இல் அமெரிக்காவில் வெளிவந்து புகழ்பெற்ற 6எல்6 வால்வை எடுத்துக்கொள்வோம். ஒரு சோடி 6எல்6 வால்வுகள் 360 வோல்ற்றில் இணைந்து உழைக்கும்போது அவை விரும்பும் சுமை 6600 ஓம். அப்போது கிடைக்கும் வலு ஏறத்தாழ 26 வாற்று. ஒலிபெருக்கியோ 16 ஓம் மட்டுமே. இவ்விரண்டிற்கும் இடையே சம்பந்தம் பேசும் தரகனாக நிற்பதுதான் வெளியீட்டு நிலைமாற்றி. அதன் முதற்சுருளில் இருபது சுற்றுக்கு இரண்டாஞ் சுருளில் ஒரு சுற்று என்ற கணக்கில் கம்பி சுற்றினால், இருபதின் வர்க்கமாகிய 400 மடங்கு தடங்கல் மாறும். 16 ஓம் குழல் வால்வின் கண்ணுக்கு 6400 ஓமாகத் தோன்றும். சம்பந்தம் பொருந்திவிட்டது.

இக்கணக்கை மறந்து, கிடைத்த குழல்களையெல்லாம் ஒரே முனையிற் கட்டினால் நேர்வது என்ன? 16 ஓம் குழல்கள் ஆறு பக்கம்பக்கமாய் இணைந்தால் மொத்தம் மூன்று ஓமுக்குங் குறைவு. 16 ஓம் முனையில் அவற்றைப் பூட்டினால் வால்வு காணும் சுமை ஏறத்தாழ 1100 ஓமாகச் சுருங்கிவிடும். ஓட்டம் பெருகும், வால்வின் உள்தகடு செந்தணலாய்ச் சிவக்கும், குரலோ தேறாது. மறுபுறம், கம்பி அறுந்து சுமையே இல்லாமற் போனால் ஆபத்து அதனினும் பெரிது. நிலைமாற்றியில் எழும் மிகை வோல்ற்றளவு காவலியைத் துளைத்துத் தீப்பொறி பறக்கும். ‘ஒலிபெருக்கியை இணைக்காமற் பெட்டியை முடுக்காதே’ என்ற பழைய எச்சரிக்கை மூடநம்பிக்கை அன்று.

வன்னியில் தொலைவும் ஒரு தொல்லை. இருநூறு மீற்றருக்கு அப்பால் உள்ள மரத்திற்கு ஒரு சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பி போய் மீளும்போது கம்பியின் தடையே ஏழு ஓம் ஆகிவிடும். 16 ஓம் குழலுக்கு அனுப்பிய வலுவில் மூன்றில் ஒரு பங்கு அளவு வழியிலேயே வெப்பமாய்ப் போகும். இதற்குக் கண்ட வழி 100 வோல்ற்றுத் தடம். ஒவ்வொரு குழலின் அருகிலும் ஒரு சிறு நிலைமாற்றியை வைத்து, 20 வாற்றுக் குழலைத் தடத்திற்கு 500 ஓமாகக் காட்டுவர். அப்போது ஏழு ஓம் கம்பி ஒரு பொருட்டே அன்று. ஓமைக் கூட்டிக் கழிக்கும் தொல்லையும் இல்லை. குழல்களின் வாற்றைக் கூட்டி, அது பெட்டியின் வாற்றை மீறாமற் பார்த்துக்கொண்டாற் போதும். கல்லூரி காணாத கைகளும் பிழையின்றிச் செய்யத்தக்க இதைவிட நல்ல ஏற்பாடு இத்துறையிற் குறைவே.

கோவில் முற்றத்தில் இவ்வாறு பிழையாகக் கருதப்பட்ட ஒன்று, வேறொரு மேடையில் அழகாக மதிக்கப்பட்டது. அது மின்கிற்றாரின் மேடை. 1932இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மின்கிற்றார், இதே வால்வுகளையும் இதே நிலைமாற்றிகளையும் நம்பியே வளர்ந்தது. 1970களில் ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் போன்றோரின் தமிழ்ப் பொப் பாடல்களை இலங்கை இரசிகர் கொண்டாடியபோது, அந்த இசையும் இக்கருவி வந்த வழியிலேயே வந்தது.

ஒலிபெருக்கியில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் அது எல்லாச் சுருதியிலும் 8 ஓம் அன்று. கூம்பு தானாக அதிர விரும்பும் கீழ்ச் சுருதியில் அது பல மடங்கு உயரும். மேற்சுருதிகளிலும் மெல்ல ஏறும். 6எல்6 போன்ற வால்வு, பின்னூட்டம் இன்றி இயங்கும்போது, தடங்கல் ஏறுமிடத்தில் ஓசையையும் ஏற்றிவிடும். அடித்தொனியில் ஒரு முழக்கமும் மேலே ஒரு பளபளப்பும் பிறக்கும். பேச்சுக்கு இது கேடு; கிற்றார்த் தந்திக்கு இது உயிர்.

1962இல் இலண்டன் ஹான்வெல் பகுதியிற் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவர்தம் துணைவரும் அமெரிக்க பெண்டர் நிறுவனத்தின் ‘பாஸ்மன்’ பெட்டியைப் பார்த்துத் தமது பெட்டியை அமைத்தனர். சுற்று ஏறத்தாழ அதுவே. ஆயினும் ஓசை மாறியது. பெண்டர் பெட்டியில் நான்கு 8 ஓம் ஒலிபெருக்கிகள் பக்கம்பக்கமாய் நின்று 2 ஓம் ஆயின. மார்ஷலிடம் 16 ஓம் வகை நான்கு, இரண்டிரண்டாய்த் தொடுத்து மீண்டும் 16 ஓமே ஆயின. முதற்காலப் பெட்டிகளிற் பின்னூட்டத்தை 2 ஓம் முனைக்குப் பதிலாக 16 ஓம் முனையிலிருந்து எடுத்ததால், அதே வலுவில் திரும்பிச் சென்ற வோல்ற்றளவு ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. அடைத்த பேழை, வேறு கூம்பு முதலிய காரணங்களும் உண்டு; ஆயினும் ஒரு கம்பி எந்த முனையிற் பூட்டப்பட்டது என்பதும் ஓசையிற் பேசுகின்றது. ஒரு படி பிசகிய ஓமை வேண்டுமென்றே இணைத்துப் பார்க்கும் இசைஞரும் உளர். சுமை குறைந்தால் ஓசை மந்தமாகும், கூடினாற் கூர்மையாகும் என்பது அவர்கள் வழக்கு. வால்வின் ஆயுளை விலையாகக் கொடுத்தே அச்சுவை பெறப்படுகின்றது.

கிற்றார்க்காரர் வால்வை விடவில்லை, வன்னி விட்டுவிட்டது. காரணம் மின்சாரம். ஒரேயொரு 6எல்6 வால்வின் இழையைச் சூடாக்கவே ஆறு வாற்று அளவு வேண்டும். இவ்வளவும் பாட்டு ஒரு சொல் எழுமுன் ஆகும் செலவு. போர் ஆண்டுகளில் மின்விநியோகம் அறுபட்டிருந்தபோது, வடபுலத்து மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றிச் செய்தி கேட்டனர். அந்த டைனமோ தருவது மூன்று வாற்று. வால்வு வானொலி அதில் விழித்திருக்கவே மாட்டாது. திரான்சிஸ்ரர் வானொலி பாடிற்று. உள்ளங்கை அளவான 8 ஓம் ஒலிபெருக்கியைச் சுற்றி, ஒருவர் சுழற்ற, வீடு முழுதும் குனிந்து கேட்டது.