பைனாகுலர் வாங்கப் போறீங்களா? போரோவா, ரூஃபா... பறவை பார்க்க எது பெஸ்ட்?

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் மாலை நேரம். பகலில் இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருக்கும். வெளிச்சம் குறையக் குறைய, தூரத்து மரத்தில் உட்கார்ந்திருப்பது மஞ்சள் மூக்கு நாரையா, நத்தைகுத்தி நாரையா என்று வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. கையில் நல்ல பைனாகுலர் இருந்தால் அந்த அரை மணி நேரம் கொண்டாட்டம். இல்லையென்றால் கொடுத்த காசு தண்டம்.

கடையில் பைனாகுலர் கேட்டால் இரண்டு வடிவங்களை எடுத்து வைப்பார்கள். ஒன்று, தோள்பட்டை மாதிரி இரண்டு பக்கமும் அகன்றிருக்கும் பழைய மாடல். இது போரோ பிரிசம். இன்னொன்று, இரண்டு நேர்க்குழாய்களைச் சேர்த்து வைத்த மாதிரி ஸ்லிம்மாக இருக்கும். இது ரூஃப் பிரிசம். 'பார்க்க புதுசா இருக்கே' என்று பலரும் ரூஃப் பக்கம் சாய்வார்கள். ஆனால், பட்ஜெட் குறைவு என்றால் அது தப்பான முடிவாகிவிடலாம். ஏன்?

பிரிசம் எதுக்கு?

பைனாகுலரின் முன்பக்க லென்ஸ் உருவாக்கும் பிம்பம் தலைகீழாகவும், இடவலம் மாறியும் இருக்கும். அதை நிமிர்த்திக் கண்ணுக்குக் கொடுப்பதுதான் பிரிசத்தின் வேலை. இத்தாலியைச் சேர்ந்த இக்னாசியோ போரோ 1854-ல் இதற்கான பிரிசம் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயர்தான் இன்றுவரை நிற்கிறது. 'ரூஃப்' என்பது ஆளின் பெயர் இல்லை. பிரிசத்தின் இரண்டு பரப்புகள் வீட்டுக் கூரை மாதிரி 90 டிகிரியில் சந்திப்பதால் வந்த பெயர்.

போரோ: குறைந்த விலையில் தெளிவு

போரோ பிரிசத்துக்குள் ஒளி நான்கு முறை திரும்புகிறது. நான்கும் பள்ளியில் படித்த 'முழு அக எதிரொளிப்பு'தான். அதனால் பிரிசத்துக்குக் கண்ணாடிப் பூச்சு தேவையில்லை, எதிரொளிப்பில் ஒளி வீணாவதும் இல்லை. தயாரிப்பதும் எளிது. கொடுக்கும் காசில் பெரும்பகுதி லென்ஸுக்கே போகும்.

இன்னொரு லாபமும் உண்டு. முன்பக்க லென்ஸ்கள் நம் கண்களைவிட அகலமாகத் தள்ளி இருப்பதால், எந்தக் கிளை முன்னால், எந்தப் பறவை பின்னால் என்று ஆழம் நன்றாகத் தெரியும்.

ரூஃப்: நல்லதுதான், ஆனா விலை கேட்கும்

ரூஃப் பிரிசத்தின் கூரை விளிம்பில் ஒளி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. அப்படிச் சேரும்போது ஒளி அலைகள் ஒன்றுக்கொன்று பிசகுவதால் படத்தின் கூர்மை குறையும். இதைச் சரிசெய்ய 'ஃபேஸ் கோட்டிங்' என்ற மெல்லிய பூச்சு வேண்டும். ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் 1988-ல் இதைப் பைனாகுலரில் கொண்டுவந்த பிறகுதான் ரூஃப் மாடல்கள் போரோவுக்குச் சமமாகப் போட்டி போட்டன.

அதோடு, பெரும்பாலான ரூஃப் மாடல்களில் இருக்கும் ஷ்மிட்-பெக்கான் பிரிசத்தில் ஒரு பரப்புக்குக் கண்ணாடிப் பூச்சு கட்டாயம். அலுமினியப் பூச்சு என்றால் வெளிச்சம் கொஞ்சம் குறையும். வெள்ளி அதைவிட மேல். 'டைஎலக்ட்ரிக்' பூச்சு 99 சதவீதத்துக்கும் மேல் ஒளியைத் திருப்பும். விலை மலிவான ரூஃப் மாடலில் இந்தப் பூச்சுகளில்தான் முதலில் கை வைப்பார்கள்.

மழை, ஈரம்... இங்கேதான் ரூஃப் ஜெயிக்குது

பெரும்பாலான போரோ மாடல்களில் ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பினால் கண் பக்கக் குழாய்கள் வெளியே நகரும். அந்த இடைவெளியில் ஈரக்காற்றும் தூசியும் உள்ளே போகலாம். சென்னை மாதிரி ஈரப்பதம் அதிகமான ஊரில் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் கதை முடிந்தது. ரூஃப் மாடல்களில் ஃபோகஸ் உள்ளேயே நடக்கும். நைட்ரஜன் அடைத்து சீல் செய்வது சுலபம். கழுத்தில் நாள் முழுக்கத் தொங்கவும் வசதி. வீட்டுத் தோட்டத்துத் தேன்சிட்டு, வண்ணத்துப்பூச்சி என்று கிட்டத்தில் பார்ப்பதற்கும் ரூஃப்தான் தோது.

கடையில் என்ன செக் பண்ணணும்?

* 8×42 என்றால் 8 மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்ஸ் 42 மி.மீ. விட்டம் என்று அர்த்தம். பறவை பார்க்கத் தொடங்குபவர்களுக்கு இதுவே போதும். மடங்கு கூடினால் கை நடுக்கமும் கூடித் தெரியும்.
* பைனாகுலரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான சுவரைப் பார்த்தபடி கண் பக்க லென்ஸைக் கவனியுங்கள். உள்ளே தெரியும் ஒளி வட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். போரோ மாடலில் ஓரம் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டு சதுரம் மாதிரி தெரிந்தால் அது மட்டமான கண்ணாடி. 'பேக்-4' கண்ணாடியா என்று கேளுங்கள்.
* ரூஃப் என்றால் விவரக் குறிப்பில் 'ஃபேஸ் கோட்டிங்' இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வைத்துவிடுங்கள்.
* கண்ணாடி போடுபவர்கள் 'ஐ ரிலீஃப்' 15 மி.மீ.க்கு மேல் இருக்கும் மாடலை எடுக்கவும்.
* தூரத்துப் பெயர்ப்பலகையை ஐந்து நிமிடம் பாருங்கள். இரட்டையாகத் தெரிந்தாலோ தலை வலித்தாலோ இரண்டு குழாய்களும் ஒரே நேரில் இல்லை என்று அர்த்தம். எந்த வகையானாலும் வேண்டாம்.

அப்போ எதை வாங்கலாம்?

பட்ஜெட் குறைவு, மழையில் எடுத்துப்போக மாட்டேன் என்றால் போரோ. அதே காசுக்கு வரும் ரூஃபைவிடப் படம் தெளிவாக இருக்கும். பயன்படுத்தாத நாளில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பூஞ்சை பயமும் குறையும். காடு, மழை, நீண்ட நடை என்று அடிக்கடி சுற்றுபவர்கள், ஃபேஸ் கோட்டிங் உள்ள ரூஃப் வாங்கும் அளவுக்குக் காசு சேரும்வரை காத்திருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 'மலிவான ரூஃப்'தான் ஏமாற்றும்.

எந்த மாடலாக இருந்தாலும் ஒன்று முக்கியம். பைனாகுலர் வழியாகச் சூரியனை மட்டும் பார்த்துவிடாதீர்கள். ஒரு நொடி போதும், பார்வைக்கே ஆபத்து.