சிறையிலிருந்த தந்தையும் வெளியே வளர்ந்த மகளும்

தேச விடுதலைக்காகச் சிறை சென்றவர்களின் வரலாற்றை நாம் பலவாறாகப் படித்திருக்கிறோம். எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தின் கீழ், எத்தனை மாதத் தண்டனை என்பனவெல்லாம் நூல்களில் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால், அவர்கள் சிறையிலிருந்த காலத்தில் வீட்டில் வளர்ந்த குழந்தைகளைப் பற்றிய பேச்சு அரிதாகவே காணப்படுகிறது. அத்தகைய குழந்தை ஒன்றின் இளமைப் பருவத்தை இங்கே நினைவுகூர்வோம்.

1921 டிசம்பர் 6 அன்று, இப்போது பிரயாக்ராஜ் எனப்படும் அலகாபாத் நகரில், மோதிலால் நேருவும் அவர் மகன் ஜவாஹர்லால் நேருவும் ஒரே நாளில் கைது செய்யப்பட்டனர். அப்போது ஜவாஹர்லாலின் மகள் இந்திராவுக்கு வயது 4. நீதிமன்றம் விதித்த அபராதத்தைச் செலுத்துவதில்லை என்பது காங்கிரஸின் கொள்கை. ஆகவே, அபராதத்துக்கு ஈடாகப் போலீசார் மீண்டும் மீண்டும் வீட்டுக்கு வந்து மேசை நாற்காலிகளை எடுத்துச் சென்றனர். குழந்தைக்கு அது பொறுக்கவில்லை. போலீசாரிடமே சென்று சினந்து பேசியது. இந்நிகழ்ச்சியைத் தம் சுயசரிதையில் குறிப்பிடும் நேரு, அந்த வயதில் மனத்தில் பதிந்தது பிற்காலத்தில் போலீசாரைப் பற்றி அவள் கொள்ளப்போகும் எண்ணத்தையும் பாதிக்கக்கூடும் என்று நகைச்சுவையும் கவலையும் கலந்து எழுதுகிறார்.

1921 முதல் 1945 வரை நேரு ஒன்பது முறை சிறைப்பட்டார். அவர் சிறையில் கழித்த காலம் மொத்தம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். மகளுக்கோ அது நான்கு வயது முதல் இருபத்தேழு வயது வரையிலான காலம்.

1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது, யமுனைக்கு அக்கரையிலுள்ள நைனி சிறையில் நேரு அடைபட்டிருந்தார். அக்டோபரில் விடுதலையாகி, சில நாட்களிலேயே மீண்டும் கைதானார். அம்மாதம் 26-ஆம் தேதி, நம் நாட்டுப் பஞ்சாங்கக் கணக்கின்படி இந்திராவின் பதின்மூன்றாம் பிறந்த நாள். சிறைச் சுவரைத் தாண்டிப் பொருளாக எதையும் பரிசளிக்க இயலாத தந்தை, அன்று ஒரு கடிதம் எழுதினார். பின்னர் உலக வரலாற்றைப் பற்றிய கடிதங்களாக அவை பெருகின. கையிலிருந்த சில நூல்களையும் தம் குறிப்பேடுகளையும் துணையாகக் கொண்டு, 1933 ஆகஸ்டு வரை, இடையிடையே விடுதலையான காலம் நீங்கலாக, வெவ்வேறு சிறைகளிலிருந்து எழுதினார். மொத்தம் 196 கடிதங்கள். 1934-இல் நூலாக வெளிவந்த அவற்றை ஓ. வி. அளகேசன் ‘உலக சரித்திரம்’ என்று தமிழில் தந்தார்.

அந்நூலைப் புகழ்வோர் பலர். ஆயினும் அக்கடிதங்கள் எதன் பொருட்டு எழுதப்பட்டன என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1931 புத்தாண்டு தினத்தன்று தாயார் கமலா நேருவும் கைது செய்யப்பட்டார். தந்தையும் சிறையில், தாயும் சிறையில், பாட்டனாரோ நோயுற்றிருந்தார். அன்று எழுதிய கடிதத்தில் நேரு மகளைத் தேற்றுகிறார்: பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை தாயைக் காணலாம், பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை தந்தையைக் காணலாம், ஒருவர் செய்தியை மற்றவருக்குக் கொண்டு செல்லலாம். பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு வாய்த்த குடும்ப வாழ்க்கை அது! அம்மாதம் 26-ஆம் தேதி நேரு விடுதலையானார். பிப்ரவரி 6 அன்று மோதிலால் காலமானார்.

அந்தச் சந்திப்பும் எக்காலமும் உறுதியாக இருந்ததில்லை. உறவினர் ஒருவரைக் காண அலகாபாத் சிறைக்குச் சென்ற நேருவின் தாயாரையும் மனைவியையும் மகளையும் ஒரு சிறை அதிகாரி அவமதித்து வெளியேற்றினார். மீண்டும் அத்தகைய இழிவு நேராதிருக்க, தம்மைக் காண எவரும் வரவேண்டாம் என்று நேரு முடிவு செய்தார். ஏறத்தாழ ஏழு மாதம், டேராடூன் சிறையில் அவர் எவரையும் சந்திக்கவில்லை. அவரது தன்மான உணர்வை நாம் போற்றுகிறோம். ஆனால் அந்த ஏழு மாதமும் தந்தையின் முகத்தைக் காணாதிருந்த மகளும் அதற்குரிய விலையைக் கொடுத்தாள் அல்லவா?

புனா, சாந்திநிகேதனம், சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து என்று இந்திராவின் கல்வியும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. 1942 செப்டம்பரில், தந்தை இருந்த அதே நைனி சிறைக்குத் தாமே கைதியாகச் சென்றார். 1944 ஆகஸ்டில் அவருக்கு மகன் பிறந்தபோது, பாட்டனாரான நேரு ஆமத்நகர்க் கோட்டையில் காவலில் இருந்தார். ஒரு தலைமுறையின் பிரிவு அடுத்த தலைமுறையையும் இவ்வாறு தொட்டது.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இந்திராவுக்குப் பெரிய வீடு இருந்தது, உறவினர் இருந்தனர், கடிதம் எழுத வல்ல தந்தை இருந்தார். அக்காலத்தில் சிறை சென்ற பல்லாயிரவரில் பெரும்பாலோர் ‘சி’ வகுப்புக் கைதிகள். உழவரும் நெசவாளரும் கூலி வேலை செய்வோரும் அவர்களுள் இருந்தனர். கடிதமும் சந்திப்பும் அவர்களுக்குச் சில மாதங்களுக்கு ஒரு முறையே. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு அந்தக் கடிதமும் இல்லை. சம்பாதிப்பவர் சிறைக்குள் இருக்க, அவர்தம் பிள்ளைகள் எவ்வாறு உண்டனர், பள்ளியை எப்போது நிறுத்தினர் என்பதைச் சொல்ல 196 கடிதங்கள் இல்லை. பெரும்பாலும் ஒரு கடிதமும் இல்லை.

பணியின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நாமும் பிரிவை அறிந்தவர்களே. ஆனால், நம் பிரிவுக்கு விடுமுறையும் ரயிலும் உண்டு. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, சிறை சென்ற தியாகிகளின் மக்கள் எவரேனும் நம் குடும்பத்திலோ தெருவிலோ முதியவராய் இருப்பின், அவர்களிடம் அமர்ந்து கேட்போம். தகப்பனார் எந்தச் சிறையில் இருந்தார் என்பதோடு நில்லாமல், அவர் இல்லாத வீட்டில் நீங்கள் எவ்வாறு வளர்ந்தீர்கள் என்றும் கேட்போம். கேட்டதை எழுதியும் வைப்போம். விடுதலை வரலாற்றில் அவர்களுக்குரிய பக்கம் இன்னும் நிரப்பப்படவில்லை.