பாரோசுத் தீவின் கலங்கரை விளக்கம்

சிலப்பதிகாரக் கடலாடு காதையிற் கலங்கரை விளக்கம் என்னும் தொடர் வருகின்றது. ஈண்டுக் கரைதல் என்பது அழைத்தல். எனவே கலங்களை அழைக்கும் விளக்கம் என்பது பொருளாகும். இது செயல் நோக்கி இட்ட பெயர். கிரேக்கரோ இடம் நோக்கிப் பெயரிட்டனர். எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு எதிரே கிடந்த பாரோசு என்னும் தீவின் பெயரே அங்கெழுந்த விளக்கத்துக்கும் ஆயிற்று. பின்னர்ப் பிரெஞ்சு, இத்தாலியம் முதலிய மொழிகளில் அப்பெயர் கலங்கரை விளக்கம் அனைத்துக்கும் பொதுவாயிற்று. பெயர் நிலைத்தது; கட்டடம் நிலைக்கவில்லை. அதன் வீழ்ச்சியையும், எஞ்சிய கற்களைக் காப்பதில் எழுந்த சிக்கலையும் இங்கு ஆராய்வோம்.

முதலாம் தாலமி காலத்தில் தொடங்கிய பணி, அவன் மகன் இரண்டாம் தாலமி காலத்தில், ஏறத்தாழக் கி. மு. 280இல் நிறைவெய்தியது. கினிதசு ஊரினனான சோசுதிராத்தசு என்பான் பெயர் இதனோடு இணைத்துக் கூறப்படும். அடிநிலை சதுரமாகவும், இடைநிலை எண்கோணமாகவும், மேல்நிலை வட்டமாகவும் அமைந்தன. உயரம் 100 மீட்டர் அளவினதாதல் கூடும் என்பர் ஆய்வாளர்.

இவ்விளக்கம் தமிழக வரலாற்றுக்கு முற்றும் அயலானதன்று. வியன்னா நகரில் உள்ள, கி. பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஏடொன்று, முசிறி வாணிகம் பற்றிய ஒப்பந்தத்தைத் தருகின்றது. செங்கடற் கரையில் இறங்கிய சரக்கு பாலைவழியே கொப்தசு நகரை அடைந்து, நைல் ஆற்றின் வழியே அலெக்சாந்திரியா சேர்தல் வேண்டும் என்பது அவ்வேட்டாற் புலனாகும். சேரநாட்டுத் துறையிற் புறப்பட்ட பொருள்கள் சென்று சேர்ந்த நகரின் விளக்கம் இது என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

பல நிலநடுக்கங்கள் கட்டடத்தைத் தளர்வித்தன. 1303இல் நேர்ந்தது பெருங்கேடு விளைத்தது. 1326இல் அங்குச் சென்ற இபின் பதூதா ஒரு பக்கம் இடிந்திருக்கக் கண்டார். 1349இல் மீண்டும் சென்றபோது உள்ளே புகவும் இயலவில்லை என்று எழுதினார். 1477இல் சுல்தான் காயித்பே அவ்விடத்தே கோட்டை எழுப்பினான். விளக்கத்தின் கற்கள் சில அக்கோட்டையுட் புகுந்தன என்று கருதப்படுகின்றது. ஏனைய கடலடியிற் கிடந்தன.

1968இல் ஆனர் பிராசுட்டு என்னும் பெண்ணறிஞர் அவற்றை ஆராய்ந்தார். ஆயினும், அலையரிப்பினின்று கோட்டையைக் காக்கும் பொருட்டு 1993இல் கடலில் இடப்பட்ட கான்கிரீட் கட்டிகள் பழங்கற்கள் மேல் வீழ்ந்தன. ஒரு தொன்மையைக் காக்க மேற்கொண்ட முயற்சி, அதனினும் முந்திய தொன்மைக்கு ஊறாயிற்று. 1994இல் யான் ஈவ் எம்பரர் தலைமையில் நீரடி ஆய்வு தொடங்கியது. 2,000க்கு மேற்பட்ட கற்கள் கண்டறியப்பட்டன. 2025இல் பெருவாயிலின் உறுப்புக்கள் உள்ளிட்ட 22 பெருங்கற்கள் மேலே கொணரப்பட்டு அளந்து பதியப்பெற்றன.

கோட்டை வேண்டும், கற்கள் வேண்டா என்றோ, கற்கள் வேண்டும், கோட்டை வேண்டா என்றோ கூறுதல் பொருந்தாது. நீரடிப் பண்பாட்டுச் செல்வங்களைக் கிடக்கும் இடத்திலேயே காத்தலை முதலிற் கருதவேண்டும் என யுனெசுகோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறும். ஒரு கல்லின் உருவம் போலவே, அது வீழ்ந்து கிடக்கும் இடமும் சான்றாகும். இடம் பெயர்ந்தபின் அச்சான்று மீளாது. ஆகவே, கடலில் ஒரு கட்டியை இடுவதற்கும், ஒரு கல்லை எடுப்பதற்கும் முன்னர், கிடப்பன அனைத்தையும் அளந்து பதிவு செய்தலே முதற்கடன் என்பது எம் துணிபு.